அடுப்படியே ஆலயம்: சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கை

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரின் வோகிரார் தெருவில் கார்மேல் சபைத் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. இறையியலைத் துறைபோகக் கற்ற குருமார்கள் அங்கே வாழ்ந்தனர். ஆனால் அந்த மடத்தை இன்று உலகெங்குமுள்ள சாதகர்கள் நினைவில் வைத்திருப்பது அவர்களுக்காக அன்று. அங்கே பல ஆண்டுகள் சமையல் செய்தும், பின்னர்ச் செருப்புத் தைத்தும் வாழ்ந்து மறைந்த, கால் ஊனமுற்ற ஓர் எளிய சகோதரருக்காகவே. அவர் பிரசங்க மேடை ஏறியதில்லை, குருப்பட்டம் பெற்றதில்லை, சபையில் எந்தப் பதவியும் வகித்ததில்லை. இறைவன் எப்போதும் தம்முடன் இருக்கிறார், அவர் தம்மைக் கைவிடமாட்டார் என்ற ஒரே உறுதியை அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து காட்டினார். அவரே சகோதரர் லாரன்ஸ்.

இலையுதிர்ந்த மரம்

லாரன்ஸின் இயற்பெயர் நிக்கோலா எர்மான். 1614-ஆம் ஆண்டளவில் லொரேன் நாட்டில், லூனெவில் நகரை அடுத்த எரிமெனில் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று பிரான்ஸின் ஒரு பகுதியாக உள்ள லொரேன், அன்று தனியாட்சி நடத்திய சிற்றரசாக இருந்தது. பெற்றோர் எளியவர்கள், இறைபக்தி மிகுந்தவர்கள். அவர்கள் மகனுக்கு அளிக்க முடிந்த பெருஞ்செல்வம் அந்தப் பக்தி ஒன்றே. உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

பதினெட்டாம் வயதில் அவரது உள்ளத்தைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அது குளிர்காலம். இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்ற ஒரு மரத்தை அவர் பார்த்தார். அத்தகைய மரத்தை அவ்வூரில் எல்லோரும் ஆண்டுதோறும் பார்த்தவர்களே. ஆனால் அன்று அவர் அதன்முன் நின்று சிந்தித்தார். இன்னும் சிறிது காலத்தில் இம்மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். இந்த வறண்ட கிளைகளுக்குள் உயிரைக் காத்து வைத்திருப்பது யாருடைய ஆற்றல்? உரிய காலத்தில் அதை வெளிப்படுத்துவது யாருடைய பரிவு?

இறைவனின் வல்லமையும் பராமரிப்பும் அந்தக் கணத்தில் அவருக்குள் ஆழப் பதிந்தன. உலகப் பற்றுகளிலிருந்து அந்த ஒரு காட்சியே தம்மை விடுவித்தது என்றும், அன்று மூண்ட அன்பு பிற்காலத்தில் வளர்ந்ததா என்று கூடத் தம்மால் சொல்ல இயலவில்லை என்றும் பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர் நினைவுகூர்ந்தார்.

போர்க்களத்தில்

மரத்தைக் கண்டவுடன் அவர் மடத்திற்குச் சென்றுவிடவில்லை. ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை சூறையாடிய முப்பதாண்டுப் போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. நிக்கோலாவும் லொரேன் படையில் வீரராகச் சேர்ந்தார்.

ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரைப் பிடித்தனர். ஒற்றன் என்று ஐயுற்றுத் தூக்கிலிடப் போவதாக மிரட்டினர். தாம் ஒற்றன் அல்லர் என்றும், மனச்சாட்சி தம்மைக் குற்றஞ்சாட்டாததால் சாவைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும் அவர் அமைதியாகக் கூறினார். அந்த அமைதியைக் கண்டு படைத்தலைவர்கள் அவரை விடுவித்தனர். பின்னர் 1635-ஆம் ஆண்டில் ராம்பெர்வில்லே என்னுமிடத்தில் நடந்த சண்டையில் அவர் காயமுற்றார். அந்தக் காயத்தால் வாழ்நாள் முழுவதும் கால் ஊன்றி நடக்கச் சிரமப்பட்டார்.

காயம் ஆறியபின் அவர் உள்ளம் கடந்த வாழ்க்கையை எண்ணி வருந்தியது. சிறிது காலம் தனிமைத் தவவாழ்வை மேற்கொண்டு பார்த்தார். ஆனால் ஒருநாள் மகிழ்ச்சி, ஒருநாள் துயரம், ஒருநாள் அமைதி, ஒருநாள் கலக்கம் என மனம் அலைபாய்ந்தது. வழிகாட்டியும் கட்டுப்பாடும் இல்லாத தனிமை தமக்கு ஏற்றதன்று என உணர்ந்து அதைக் கைவிட்டார். பாரிஸுக்கு வந்து, அரசுக் கருவூலப் பொறுப்பிலிருந்த பியூபே என்பவரின் இல்லத்தில் ஏவலாளாகப் பணியேற்றார். அங்கும் அவருக்கு நற்பெயர் கிட்டவில்லை. எதைத் தொட்டாலும் கைநழுவி உடைந்துவிடும். தாம் அங்கே ஒரு மந்தமான பணியாளராக இருந்ததைப் பிற்காலத்தில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்வதுண்டு.

மடத்தில் அடைக்கலம்

1640-ஆம் ஆண்டில் அவர் வோகிரார் தெருவிலிருந்த மடத்தின் கதவைத் தட்டினார். அவிலா நகரத்துப் புனித தெரேசாவும் சிலுவையின் புனித யோவானும் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் சீர்திருத்திய கார்மேல் சபையைச் சேர்ந்தது அது. மௌனமும் தியானமும் கடும் எளிமையும் அச்சபையின் உயிர்நாடிகள். குருமார்கள் திருப்பலி நிறைவேற்றுவர், கற்பிப்பர். குருப்பட்டம் பெறாத சகோதரர்கள் சமையல், தோட்டம், தையல் முதலிய உடலுழைப்புப் பணிகளைச் செய்வர். நிக்கோலா இந்த இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டு, உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்ற துறவுப் பெயரைப் பெற்றார். 1642-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இறுதி வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டார்.

தம்முடைய திறமைக்குறைவுக்கும் பிழைகளுக்கும் மடத்தில் கடுமையான தண்டனை கிடைக்கும், அதன்மூலம் தம் வாழ்வையே இறைவனுக்குப் பலியாக்கிவிடலாம் என்று எண்ணித்தான் அவர் அங்கே வந்தார். ஆனால் கிடைத்ததோ மனநிறைவு. இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வார்.

இருண்ட பத்தாண்டுகள்

இந்த மனநிறைவு எளிதில் வந்து சேர்ந்ததன்று. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் பட்ட அகத்துன்பம் கொடியது. பழைய பாவங்கள் ஓயாமல் கண்முன் நின்றன. இறைவன் தமக்குக் காட்டிய அருளோ தகுதியற்றவனுக்குக் கிடைத்த பரிசாகத் தோன்றி, ஆறுதலுக்குப் பதிலாக அச்சத்தையே தந்தது. அடிக்கடி விழுவார், எழுவார், மீண்டும் விழுவார். படைப்புகளும், அறிவும், ஏன், இறைவனே கூடத் தமக்கு எதிராக நிற்பதாகவும், நம்பிக்கை ஒன்றே தம் பக்கம் நிற்பதாகவும் அவருக்குத் தோன்றியது.

இத்துன்பத்தின் உச்சம் நான்காண்டுகள் நீடித்தது. தாம் மீட்படையப் போவதில்லை, நரகமே தமக்கு விதிக்கப்பட்டுள்ளது என்ற எண்ணம் அவரை இறுகப் பற்றியது. உலகிலுள்ள மனிதர் அனைவரும் ஒன்றுகூடி மறுத்தாலும் அவ்வெண்ணத்தை அகற்ற முடியாது என்னும் நிலை. ஒரு கிறிஸ்தவத் துறவிக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. யாருக்காக அனைத்தையும் துறந்தாரோ, அவரே தம்மைத் துறந்துவிட்டார் என்று எண்ணுவது அது.

இந்த இடத்தில் லாரன்ஸ் எடுத்த முடிவுதான் அவரது வாழ்க்கையின் அச்சு. தாம் மடத்திற்கு வந்தது இறைவன்மீது கொண்ட அன்பினால். இதுவரை செய்ததெல்லாம் அவருக்காகவே. அப்படியிருக்க, தமக்கு மீட்பு கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இனியும் அவ்வன்புக்காகவே வாழ்வது. சாகும்வரை இறைவனை நேசிப்பதற்குத் தம்மால் இயன்றதைச் செய்தோம் என்ற ஒரு நன்மையாவது எஞ்சும். இவ்வாறு தீர்மானித்து, சொர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய கணக்கை அவர் ஒதுக்கிவைத்தார்.

நம்பிக்கை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ஓர் எதிர்பார்ப்பு என்ற பொருளிலேயே வழங்குகிறோம். இறைவன் இதைத் தருவார், இன்னதிலிருந்து காப்பார் என்று எண்ணுவதை நம்பிக்கை என்கிறோம். எண்ணியது நடக்காதபோது அது தளர்கிறது. லாரன்ஸிடம் எஞ்சியிருந்த நம்பிக்கை வேறு வகையானது. எதைத் தருவார் என்ற கேள்வி அதில் இல்லை. இறைவன் இறைவனாகவே இருப்பார், அவரிடம் தம்மை ஒப்படைப்பது வீணாகாது என்ற ஒப்புதல் மட்டுமே இருந்தது. மகிழ்ச்சியான அனுபவம் ஏதும் அதைத் தாங்கி நிற்கவில்லை. ஆகவே அனுபவம் இல்லாததால் அது சரிந்துவிடவும் இல்லை.

இந்தத் துன்பத்திலேயே தம் நாட்கள் முடியும் என்று ஏற்றுக்கொண்டு அவர் அமைதியானார். அவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னர், எதிர்பாராத ஒருநாளில், திடீரெனத் தம் உள்ளம் மாறியிருப்பதைக் கண்டார். அதுவரை கலங்கிக்கிடந்த ஆன்மா தனக்கு உரிய இடத்தை அடைந்ததுபோல் ஆழ்ந்த அமைதி கொண்டது. அந்த அமைதி அதன்பின் அவரை விட்டு அகலவில்லை. இளமையில் அவர் கண்ட மரமும் குளிர்காலம் முழுவதும் உயிரோடுதான் இருந்தது. உயிர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

கரண்டியும் ஜெபமும்

மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையல். இயல்பாகவே அவருக்கு அப்பணியில் பெரும் வெறுப்பு உண்டு. ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்பார்கள். அடுப்பு எரியும், பாத்திரங்கள் உருளும், உணவு வேளை நெருங்கும். அத்தகைய சூழலில் அவர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். எதையும் இறைவன் மீதுள்ள அன்பிற்காகச் செய்வது, ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் அதை நன்கு செய்ய அருளை வேண்டுவது என்ற பழக்கத்தால் அனைத்தும் தமக்கு எளிதாயிற்று என்பது அவர் கண்ட உண்மை.

ஆன்மீக நூல்களைப் படித்தபோது, இறைவனை அடையும் வழிகள் என்று அவற்றில் சொல்லப்பட்ட எண்ணற்ற முறைகள் அவரைக் குழப்பின. ஆகவே அவர் ஒரே முறையை மேற்கொண்டார். தம்முள்ளும் தம்மருகிலும் இருக்கும் இறைவனோடு இடைவிடாமல் உள்ளத்தால் உரையாடுவது. அதற்கு அழகிய சொற்கள் தேவையில்லை. ஒரு சிறு நன்றி, ஒரு சிறு வேண்டுதல், ஒரு கணநேர வணக்கம் போதும். மனம் அலைந்து திரிந்தால் அதனோடு மல்லுக்கட்டுவதில்லை. அமைதியாக மீண்டும் அழைத்து வருவார். தவறு செய்துவிட்டால் அதை இறைவனிடம் ஒப்புக்கொள்வார். தாம் தம்போக்கில் விடப்பட்டால் இப்படித்தான் செய்வோம், திருத்த வேண்டியவர் அவரே என்று விண்ணப்பித்துவிட்டு, அதைப் பற்றி மேலும் கவலைப்படாமல் அடுத்த வேலைக்குச் செல்வார்.

வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் அவருக்கு வழிபாடு. திருப்பி முடித்தபின் வேறு வேலை இல்லையென்றால் தரையில் விழுந்து வணங்கி, அப்பணியைச் செய்ய அருளியவருக்கு நன்றி செலுத்துவார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுத்துப் போடுவதும் இறையன்பிற்காகச் செய்யப்படுமானால் போதும் என்பார். செயலின் அளவை அன்று, அதிலுள்ள அன்பையே இறைவன் பார்க்கிறார் என்பது அவரது கொள்கை.

இதனால் ஜெபவேளைக்கும் பிறவேளைக்கும் இருந்த வேறுபாடு அவரிடம் மறைந்தது. மடத்தின் விதிப்படி ஜெபத்திற்கென்று குறித்த நேரங்களில் அவர் ஜெபம் செய்தார். தலைவர் பணித்தால் தனித்தியானத்திற்கும் சென்றார். ஆனால் அதற்கு ஏங்கவில்லை. தேவாலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது உணர்ந்த அதே சந்நிதியை அவர் அடுப்படியின் இரைச்சலிலும் உணர்ந்தார்.

திராட்சை மது வாங்கிய கதை

மடத்திற்கு வேண்டிய திராட்சை மதுவை வாங்கிவர அவரை ஒருமுறை ஓவெர்ன் பகுதிக்கும், பின்னர் 1666-இல் பர்கண்டிப் பகுதிக்கும் அனுப்பினார்கள். அவருக்கு வாணிபம் தெரியாது. காலோ ஊனம். படகில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல வேண்டுமானால் மதுப்பீப்பாய்களின்மேல் உருண்டுதான் செல்ல வேண்டியிருந்தது. ஆயினும் அவர் கலங்கவில்லை. இது இறைவனுடைய வேலை என்று அவரிடமே சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வேலை செவ்வனே முடிந்திருந்ததைப் பின்னர்க் கண்டார்.

எந்த வேலையைப் பற்றியும் முன்கூட்டியே மனத்தை உளப்பிக்கொள்ளும் வழக்கம் அவரிடமில்லை. செய்ய வேண்டிய நேரம் வரும்போது, செய்ய வேண்டியது தெளிந்த கண்ணாடியில் தெரிவதுபோல் இறைவனிடத்தில் தெரியும் என்று நம்பினார். சோம்பலுக்கு இதில் இடமில்லை. அவர் உழைத்தார், பயணம் செய்தார், பொருளுக்கு விலை பேசினார். விளைவைப் பற்றிய பதற்றத்தை மட்டும் தம் தோளில் சுமக்க மறுத்தார்.

வயது ஏறக் காலின் வேதனை மிகுந்தது. சமையற்பணியிலிருந்து விடுவித்து, சகோதரர்களுக்குப் பாதரட்சை தைக்கும் பணியை அவருக்கு அளித்தனர். அதை அவர் விரும்பினார். ஆயினும் வெறுத்த சமையலை எப்படி ஏற்றாரோ அப்படியே, விரும்பிய இப்பணியையும் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட ஆயத்தமாக இருந்தார். விருப்பும் வெறுப்பும் அவரது அமைதியைத் தொடவில்லை.

தேடி வந்தவர்கள்

சமையலறைச் சகோதரரின் புகழ் மெல்ல வெளியே பரவியது. 1666 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஜோசஃப் தெ பொஃபோர் என்ற குரு அவரைக் காண வந்தார். இறைவனுக்குத் தொண்டு செய்யும் மெய்யான நோக்கம் இருந்தால் எத்தனைமுறை வேண்டுமானாலும் வரலாம், இல்லையென்றால் இனி வர வேண்டாம் என்று லாரன்ஸ் அவரிடம் நேராகக் கூறிவிட்டார். பொஃபோர் மீண்டும் மீண்டும் வந்தார். 1667 நவம்பர் வரை நிகழ்ந்த நான்கு உரையாடல்களை அவர் குறித்து வைத்தார். பேராயர் பதவியை அடைந்த புகழ்பெற்ற அறிஞர் ஃபெனலோனும் லாரன்ஸை நோய்ப்படுக்கையில் சந்தித்து உரையாடினார்.

லாரன்ஸ் எழுதிய கடிதங்களில் பதினாறு கிடைத்துள்ளன. துறவுச் சகோதரிகள், இல்லறத்தார், நோயாளிகள் எனப் பலருக்கும் எழுதியவை அவை. உணவருந்தும்போதும் பிறரோடு இருக்கும்போதும் இடையிடையே உள்ளத்தை இறைவன்பால் உயர்த்துமாறு அவற்றில் வேண்டுகிறார். எப்போதும் தேவாலயத்தில் இருக்க வேண்டிய தேவையில்லை, உள்ளத்தையே ஜெபக்கூடமாக ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார். நீண்டநாள் நோயுற்றிருந்த ஒருவருக்கு, வலி நீங்க வேண்டுமென்று தாம் மன்றாடப் போவதில்லை என்றும், இறைவன் விரும்பும்வரை அதைத் தாங்கும் வலிமையையே வேண்டுவதாகவும் எழுதினார். வலியை அறியாதவர் எழுதியிருந்தால் இது கடுமையாகத் தோன்றும். எழுதியவரோ தாமே கால் புண்ணோடு வாழ்ந்தவர்.

இறுதி நாட்கள்

1691-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் எழுதிய இறுதிக் கடிதத்தில், இன்னும் சில நாட்களில் இறைவனைக் காணும் பேற்றை அவரது கருணையால் எதிர்பார்ப்பதாக லாரன்ஸ் குறிப்பிட்டார். இரண்டு நாட்களில் படுக்கையில் விழுந்தார். நரகமே தமக்கு உரியது என்று ஒருகாலத்தில் நடுங்கியவரிடம் இப்போது அச்சத்தின் சாயலும் இல்லை. என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று உடனிருந்தோர் கேட்டபோது, முடிவில்லாக் காலமெல்லாம் செய்யப்போவதையே இப்போதும் செய்வதாகவும், இறைவனைப் போற்றி வணங்கி நேசிப்பதே தம் தொழில் என்றும் கூறினார். பிப்ரவரி 12-ஆம் நாள் அமைதியாக உயிர் நீத்தார்.

மறு ஆண்டில், 1692-இல், அவரது கடிதங்களையும் ஆன்மீகக் குறிப்புகளையும் பொஃபோர் வெளியிட்டார். 1694-இல் உரையாடல்களும் வாழ்க்கைக் குறிப்பும் அச்சேறின. இவை ஒன்று சேர்ந்து, இறைச்சந்நிதிப் பயிற்சி என்னும் பொருள்படும் தலைப்பில் பல மொழிகளில் பரவின. லாரன்ஸ் கத்தோலிக்கத் துறவி. ஆயினும் அந்நூலைப் புராட்டஸ்டண்டு மரபினரும் தம்முடையதாகவே ஏற்றனர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, பதினெட்டாம் நூற்றாண்டில் தாம் தொகுத்த நூல்வரிசையில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியில் அந்த மடம் கலைக்கப்பட்டது. அதன் தேவாலயம் இன்றும் பாரிஸில் நிற்கிறது.

லாரன்ஸின் வாழ்க்கையைப் படிக்கும் சாதகர்கள் பெரும்பாலும் அவரது பிற்கால அமைதியைக் கண்டே வியக்கிறார்கள். நாமும் அதைப் பெறமாட்டோமா என்று ஏங்குகிறார்கள். அந்த அமைதிக்கு முன்னிருந்த பத்தாண்டுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஜெபத்தில் சுவையின்றி, மனத்தில் ஒளியின்றி, ஏன் பயில்கிறோம் என்றே விளங்காமல் கழியும் நாட்கள் ஒவ்வொரு சாதகரின் வாழ்விலும் வருகின்றன. இறைவன் விலகிவிட்டார் என்பதற்கு அவை சான்று ஆகா. அந்நாட்களில் செய்யப்படும் சிறு கடமை, விரும்பாத வேலையில் எழும் ஒரு கணநேர நினைவு, விழுந்தபின் புலம்பாமல் எழுந்து நடத்தல் ஆகியவையே மறைந்திருக்கும் வேருக்கு வார்க்கும் நீர். துளிர்க்கும் காலத்தை நிச்சயிப்பது மரத்தின் வேலையன்று. அதை அறிந்தவர் அறிவார். அவர் வாக்கு மாறாதவர் என்று நம்பி வேரூன்றி நிற்பதே நம் பங்கு.